வாத்தியார் இல்லாத சட்டாம்பிள்ளைகள்

தமிழ்நாட்டில் 2020 மார்ச் நடுவில் கொரோனாவுக்காக மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி திறந்தன. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளை முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தபோது, அதன் இரண்டாம் வகுப்பே பாதி ஓடியிருந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுக்கும் மேலான காலத்தில் அந்தப் பிள்ளைக்கு ‘அ’ எழுதக் கைபிடித்துக் கொடுத்தது யார், கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால், அம்மா, அக்கா, தாத்தா, எதிர்வீட்டுப் பெண் என்று பதில் வரும். பல வீடுகளில் யாரும் இல்லை என்றும் வரும்.

அந்தக் காலத்தைப் பற்றி நம்மிடையே ஒரு பெருமிதம் உலவுகிறது. ஊரடங்கு நம்மைக் கூட்டுக் குடும்பத்துக்குத் திருப்பி அனுப்பியது. பாட்டி சொன்ன கதையும், அடுப்படியில் அளந்த உழக்கும் ஆழாக்கும், பெரியப்பா பிள்ளைகளோடு ஆடிய தாயமும் பல்லாங்குழியும் பள்ளிக்கூடம் தராத கல்வியைத் தந்தன. ஆள் நிறைந்த வீடே பள்ளிக்கூடம்தான் என்கிறது அந்தப் பெருமிதம். இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் அப்படியே நடந்திருக்கும். ஆனால் ஒரு வீட்டின் இனிய நினைவு ஊருக்கான முடிவாக மாறும்போது அதன் பின்னால் இன்னொரு கருத்தும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: பள்ளியை நெடுநாள் மூடினாலும் பெரிய நட்டமில்லை, குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்ற கருத்து. அடுத்த முறை ஒரு நோயோ வெள்ளமோ வரும்போது அதிகாரத்தில் இருப்பவர் இந்தக் கருத்தின் மேல் சாய்ந்துகொள்ளக்கூடும். அதனால்தான் இதை நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் உண்மையில் கற்றார்களா, வீட்டில் ஆள் கூடக் கூட அது உதவியா இடைஞ்சலா, அந்த உழைப்பு யார் தலையில் இறங்கியது என்பவையே என் கேள்விகள்.

முதலில், பெரிய குடும்பம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? ஒரு தாய்க்கு ஏழெட்டுப் பிள்ளைகள் என்ற காலம் தமிழ்நாட்டில் போய்விட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். ஆகவே ஊரடங்கில் நாம் பார்த்த பெரிய குடும்பம் பெரும்பாலும் கூடி வாழ்ந்த குடும்பம். அல்லது திருப்பூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை நின்றுபோய், இ-பாஸ் வாங்கியும் வாங்காமலும் ஊர் திரும்பி, பாட்டி வீட்டில் ஒன்றாகச் சேர்ந்த அண்ணன் தம்பி குடும்பங்கள். நாட்டில் ஏறக்குறைய 37 விழுக்காடு குடும்பங்கள் ஒரே அறை கொண்ட வீட்டில் வசிப்பதாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. பாட்டி வீடு என்றதும் முற்றமும் திண்ணையும் ஊஞ்சலும் நினைவுக்கு வருவது சிலருக்குத்தான். ஓட்டுவீட்டின் ஒற்றை அறையில் இரண்டு குடும்பங்கள் அடைந்ததும் அதே ஊரடங்கில்தான்.

குடும்பத்தில் பிள்ளைகள் கூடினால் படிப்பு என்ன ஆகும் என்பது சமூகவியலில் பழைய சண்டை. அமெரிக்காவின் ஜூடித் பிளேக் 1981இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: பெற்றோரின் நேரமும் பணமும் கவனமும் ஓர் அளவுக்கு உட்பட்டவை, பிள்ளைகள் கூடினால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் இன்னொரு பக்கத்தைத் தொட்டிருந்தார். மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லிக்கொடுக்கும்போது மூத்ததின் அறிவும் வளர்கிறது என்பது அவர் கருத்தின் ஒரு பகுதி. நம் வீட்டுப் பெரியவர்கள் அனுபவத்தில் சொல்லிவந்ததும் இதுதான். 2005இல் சாண்ட்ரா பிளாக்கும் உடன் ஆய்வாளர்களும் நார்வே நாட்டின் முழு மக்கள்தொகைத் தரவை வைத்துச் சோதித்தபோது, பிறப்பு வரிசையைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் குடும்ப அளவின் தாக்கம் ஏறக்குறைய மறைந்துபோவதைக் கண்டார்கள். பெரிய குடும்பத்துக்கு ஆதரவான வலுவான சான்று இது என்றே படித்தவுடன் தோன்றும்.

ஆனால் நார்வேயில் எந்த நிலையில் அப்படி ஆயிற்று என்று பார்க்க வேண்டும். அங்கே பள்ளி நாள்தோறும் திறந்திருந்தது, கட்டணம் இல்லை, ஆசிரியர் இருந்தார். ஐந்தாவது பிள்ளைக்கும் முதல் பிள்ளைக்குக் கிடைத்த அதே வகுப்பறை கிடைத்தது. வீட்டில் பங்கு சுருங்கினாலும் அரசு தந்த பங்கு சுருங்கவில்லை. பள்ளி பூட்டப்பட்ட நாளில் அந்தத் தாங்கல் விழுந்துவிடுகிறது; பிளேக் சொன்ன பழைய கணக்கு மறுபடி உயிர்பெறுகிறது. ஒரு செல்போன், ஒரு டிவி, ஒரு அம்மா, ஓர் அறை ஆகியவற்றை எத்தனை பிள்ளைகள் பங்கிட வேண்டும் என்பதே படிப்பை முடிவு செய்யும் கேள்வியாகிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு வீட்டில் ஒன்று, மூன்று, ஆறு, எட்டு, பத்து ஆகிய வகுப்புகளில் ஐந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல் எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம்; ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு அமர்வுகள் என்று வரம்பு வைத்தது. குழந்தைகளின் கண்ணையும் மனத்தையும் காக்க வந்த நல்ல வரம்புதான். அந்த வரம்புக்கு உட்பட்டே ஐந்து பிள்ளைகளுக்கும் சேர்த்தால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு அமர்வுகள் ஆகின்றன. அதாவது ஆறு முதல் ஒன்பது மணி நேரம். வீட்டில் இருப்பதோ ஒரே ஸ்மார்ட்போன். அதுவும் காலையில் அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடும். அமர்வுகள் ஒரே நேரத்தில் வந்தால் பத்தாம் வகுப்புக்குத்தான் முன்னுரிமை, ஏனென்றால் அதற்குப் பொதுத்தேர்வு இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைப்பது இரவு எட்டு மணிக்கு மேல், நெட் பேக் தீர்ந்த பிறகு, வாட்ஸ்அப் குரூப்பில் வந்து கிடக்கும் ஒர்க்‌ஷீட்டின் படம்.

இது கற்பனைக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஜீன் திரேஸ், ரீதிகா கேரா உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில், தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வசதி குறைந்த வீடுகளில் ஏறக்குறைய 1,400 பிள்ளைகளைச் சந்தித்து அறிக்கை வெளியிட்டார்கள். கிராமப்புறத்தில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 விழுக்காடு. படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 37 விழுக்காடு. வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தும் அது பிள்ளையின் கைக்கு வரவில்லை என்பதையும் அந்த அறிக்கை பதிவு செய்தது. வீட்டில் போன் இருக்கிறதா என்று கேட்கும் கணக்கெடுப்புகளால் இந்த உண்மையைப் பிடிக்க முடியாது. போன் இருந்த வீடுகள் கூடிக்கொண்டே போயின. 2018இல் மாணவர் வீடுகளில் 36.5 விழுக்காடாக இருந்தது 2020இல் 61.8 ஆனது என்று அசர் அமைப்பின் கிராமப்புற ஆய்வு சொன்னது. ஒரு போனை எத்தனை பேர் பங்கிட்டார்கள் என்ற கேள்வி அந்த எண்ணுக்குள் இல்லை.

கல்வித் தொலைக்காட்சி இந்த இடத்தில் பாராட்டுக்குரியது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய அந்த அலைவரிசை தொற்றுக்காலத்துக்காக உருவாக்கப்பட்டதல்ல. ஆனாலும் கையில் ஆயத்தமாக இருந்தது. பத்தாண்டுகளுக்கு முன் கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நெட் பேக் தேவையில்லை, தனிக் கட்டணம் இல்லை. ஒற்றைப் பிள்ளை உள்ள வீட்டில் இது நன்றாகவே உதவியிருக்கும். பிள்ளைகள் பலர் இருந்த வீட்டில் மூன்றாம் வகுப்புப் பாடம் ஓடும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளையும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அதே அறையில்தான் இருக்க வேண்டும். பாட்டி ஓரமாகப் படுத்திருக்க வேண்டும். யாராவது அடுப்பில் தாளித்துக்கொண்டிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை வேறு. தொலைக்காட்சியில் பேசும் ஆசிரியர் கேள்வி கேட்பார்; பிள்ளை சொன்ன பதில் அவர் காதில் விழாது. தவறைத் திருத்த ஆள் இல்லாத இடத்தில் தவறே படிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் திண்ணைப் பள்ளியை நினைவுபடுத்துகிறார்கள். ஊரடங்கின்போது எத்தனையோ பேர் அதை ஆசையோடு பேசினார்கள்: நம் முன்னோர் திண்ணையில் உட்கார்ந்தே படித்தார்கள், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தான், அதுபோல வீட்டிலும் முடியும் என்று. வரலாறு அவர்கள் பக்கம் ஓரளவு பேசுகிறது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன்தான் சிறுவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்து, ஒப்புவிக்கச் செய்து, வருகை பார்த்தான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைத் தன் பள்ளியில் புகுத்தினார். 1797இல் இங்கிலாந்தில் அதை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது உலகின் பல நாடுகளுக்குப் போனது. அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பது நம் மண்ணில் சோதித்து வென்ற முறை என்று சொல்வதில் தவறில்லை.

ஆனால் அந்தச் சட்டாம்பிள்ளைக்கு மேலே ஓர் உபாத்தியாயர் இருந்தார். காலையில் சட்டாம்பிள்ளைக்குப் பாடம் சொன்னவர் அவர். சட்டாம்பிள்ளை சொல்லிக்கொடுத்ததைக் கேட்டுத் திருத்தியவரும் அவர். கணக்கு நூலான எண்சுவடியை நாள்தோறும் முறைவைத்து ஒப்புவிக்க வேண்டும். பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்ற எண் பாடங்கள் அடுத்தடுத்த படிகளில் ஏற வேண்டும். படி தவறினால் அங்கேயே நிறுத்தித் திரும்பச் சொல்லவைக்க வேண்டும். இந்த ஒழுங்கை நடத்தியவர் வேறு வேலையில்லாமல் அதற்காகவே உட்கார்ந்திருந்த ஒரு மனிதர். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் திண்ணையில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடம் இருந்ததில்லை. பெண்பிள்ளைகள் மிக அரிது. யார் வீட்டுத் திண்ணை என்பதே யார் படிக்கலாம் என்பதை முடிவு செய்தது. அந்த நிலையை உடைக்கத்தான் பொதுப்பள்ளி வந்தது. 2020இல் வீடுகளில் நடந்தது திண்ணைப் பள்ளியின் பாதி மட்டுமே: சட்டாம்பிள்ளை இருந்தார், வாத்தியார் இல்லை.

சரி, அந்தப் பாதி எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது? இதற்கு நம்மிடமே மிக நல்ல சான்று இருக்கிறது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அதே கிராமங்களில் 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளின் அளவு அவர்களிடம் முன்பே இருந்தது. 2021 டிசம்பரில் பார்த்தபோது பிள்ளைகள் கணக்கில் 0.7 திட்ட விலக்கம் அளவுக்குப் பின்தங்கியிருந்தார்கள், மொழியில் 0.34. ஒரு கல்வித் திட்டம் 0.2 அளவு முன்னேற்றம் தந்தாலே பெரிய பலன் என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் இந்தச் சரிவின் ஆழம் புரியும். சரிவு எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே கூடுதலாக இழந்தார்கள்.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் நம் விவாதத்துக்கு வேண்டிய ஒளி இருக்கிறது என்று நினைக்கிறேன். கணக்கில் விழுந்த பள்ளம் மொழியில் விழுந்ததைப்போல் இரு மடங்கு. ஏன்? அந்த ஆய்வு குடும்ப அளவை ஆராய நடத்தப்பட்டதல்ல. ஆகவே நான் சொல்வது என் வாசிப்புதான். ஆள் நிறைந்த வீட்டில் மொழி நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. கதை, வம்பு, சண்டை, விடுகதை, சினிமாப் பாட்டு, சுவரொட்டி, பால் பாக்கெட், பேருந்துப் பெயர்ப்பலகை எல்லாம் தமிழ். பாட்டி எழுத்தறியாதவராக இருந்தாலும் பிள்ளையின் சொல்வளம் அவரிடமிருந்து பெருகும். கூட்டுக் குடும்பத்தைப் புகழ்பவர்கள் கண்டது இந்த உண்மையைத்தான். அதற்கு நான் முழு மதிப்பும் தருகிறேன். கணக்கு அப்படி ஓடுவதில்லை. உழக்கும் படியும் அளவு என்ற உணர்வைத் தரும். பல்லாங்குழி எண்ணவும் முன்கூட்டித் திட்டமிடவும் பழக்கும். இடமதிப்பு, கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல், பின்னம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதை வீட்டுப் புழக்கம் தானாகத் தந்துவிடாது. யாராவது வரிசைப்படி நடத்த வேண்டும். எந்தப் படியில் பிள்ளை வழுக்குகிறது என்று பார்க்க வேண்டும். அதாவது, வீடு தன்னியல்பாகத் தரக்கூடியதை ஓரளவு தந்தது. வாத்தியார் வேண்டிய இடத்தில் வீடு தோற்றது.

நம் வீடுகளின் வறுமையே இதற்குக் காரணம், வசதியுள்ள நாட்டில் இப்படி ஆகியிருக்காது என்று ஒருவர் சொல்லலாம். நெதர்லாந்தைப் பார்ப்போம். இணைய வசதியில் உலகில் முன்னணியில் நிற்கும் நாடு. 2020இல் அங்கே பள்ளிகளின் முதல் மூடல் எட்டு வாரம்தான் நீடித்தது. பெர் எங்செல்லும் உடன் ஆய்வாளர்களும் அங்கே செய்த ஆய்வில், வீட்டிலிருந்து படித்த அந்த வாரங்களில் மாணவர்கள் ஏறக்குறைய எந்த முன்னேற்றமும் அடையவில்லை என்று தெரியவந்தது. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு 60 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது. கேபிளும் கணினியும் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு அந்த நாடே மறுப்பு.

விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களை இந்தத் தராசில் ஏற்றுவது நியாயமல்ல. கல்விச் சிந்தனையாளர் ஜான் ஹோல்ட் போன்றவர்கள் அரை நூற்றாண்டாக வளர்த்த சிந்தனை அது. அமெரிக்காவில் 2020 வசந்தத்தில் 5.4 விழுக்காடு வீடுகளில் இருந்த வீட்டுக்கல்வி அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் 11.1 ஆனது, கறுப்பின வீடுகளில் 3.3இலிருந்து 16.1 ஆனது. அவர்களில் பலருக்குப் பள்ளிமீது பழைய மனக்குறைகள் இருந்தன, மாற்று வழியைத் தேடியிருந்தார்கள். இங்கும் அப்படிப்பட்ட குடும்பங்கள் சில உண்டு. அவர்கள் ஒருவரின் முழு நேரத்தை அதற்கென ஒதுக்கிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். நம் பெரும்பாலான வீடுகளில் 2020இல் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பள்ளியின் வேலை வீட்டின்மேல் இறக்கிவைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இறக்கிவைக்கப்பட்டது யார் தலையில்? இந்தக் கேள்வியில்தான் எனக்கு மனம் கொதிக்கிறது. தொற்றுக்கு முந்தைய 2019ஆம் ஆண்டிலேயே வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொன்னது. வீட்டில் பத்துப் பேர் நாள் முழுக்க அடைந்திருக்கும்போது மூன்று வேளைச் சமையலும் பாத்திரமும் துணியும் எங்கே போய் நிற்கும்? சத்துணவுக் கூடம் மூடியதால் பிள்ளைகளின் மதிய உணவும் வீட்டு அடுப்புக்கே வந்தது. அரசு உலர் பொருளாக அரிசியும் பருப்பும் கொடுத்தது. பொங்கிப் போட வேண்டியவர் அம்மாதான். அதற்கு மேல் பாடமும்.

அம்மாவால் முடியாததை அக்கா எடுத்துக்கொண்டாள். 2020 செப்டம்பரில் நடந்த அசர் ஆய்வு இதை வேறு மொழியில் சொன்னது: பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இளைய பிள்ளைகளின் படிப்புக்கு உதவியவர்களில் அண்ணன் அக்காக்களுக்கு முக்கிய இடம் இருந்தது. அதில் பாசம் இருந்தது, பெருமையும் இருந்தது. மூன்றாம் வகுப்புத் தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பாடு உறுதிப்பட்டிருக்கும் என்று ஸயான்ஸின் பக்கம் நின்று சொல்லலாம். ஆனால் அவளுடைய இயற்கணிதத்தை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பெரிய குடும்பம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது என்று நாம் பெருமையாகச் சொல்லும் வாக்கியத்துக்குள் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி நிற்கிறாள். தன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தம்பியின் புத்தகத்தைத் திறந்தவள் அவள். தேர்வில்லாமல் எல்லோருக்கும் தேர்ச்சி தந்த ‘ஆல் பாஸ்’ அவளை அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிட்டது, பாடத்தை ஏற்றவில்லை. ஆல் பாஸ் தவறான முடிவு என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வேறு வழி இருந்ததாகவும் தெரியவில்லை. தேர்ச்சிக்குப் பின் விட்டுப்போனதைத் திரும்பக் கொடுக்கும் கடமை இருந்தது. பெரிய வகுப்புப் பெண்களுக்கு அது போதிய அளவு நடக்கவில்லை என்பதே என் குறை.

நோயும் இதே வீட்டுக்குள்தான் இருந்தது. 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது. தனி அறை, தனிக் கழிப்பறை என்ற அறிவுரையை ஓரறை வீட்டில் எட்டுப் பேரோடு இருந்தவர்கள் எப்படிக் கடைப்பிடிப்பது? பாட்டி வீடு பிள்ளைகளுக்குப் புகலிடமாக இருந்தபோதே பாட்டிக்கு ஆபத்தாகவும் இருந்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு ஐந்து லட்ச ரூபாய் வைப்புநிதி அறிவிக்க வேண்டிய நிலை அரசுக்கு வந்தது. அந்த மாதங்களில் உறவினர் பலர் இருந்த வீடு பிள்ளைகளைத் தாங்கிய விதத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அப்பாவை இழந்த பிள்ளையைச் சித்தப்பா மடியில் எடுத்து வைத்துக்கொண்ட வீடுகளில் குடும்பம் செய்த வேலையை எந்தப் பள்ளியும் செய்திருக்க முடியாது. தனியே அடைபட்ட ஒற்றைப் பிள்ளைக்குக் கிடைக்காத கூட்டும் சிரிப்பும் ஆறுதலும் அங்கே கிடைத்தன. பெரிய குடும்பத்தின் உண்மையான வெற்றி இதுதான். இதைக் கல்வி என்ற கணக்கில் எழுதாமல் பராமரிப்பு என்ற கணக்கில் எழுதினால் இன்னும் உயர்வாகவே தெரியும்.

பள்ளி திறந்த பிறகு நடந்தது இந்தத் தீர்ப்புக்குத் துணை நிற்கிறது. சிங், ரோமெரோ, முரளிதரன் மூவரின் அதே ஆய்வின்படி, திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. இழப்பில் ஏழைப் பிள்ளைகளே முன்னால் நின்றார்கள்; மீட்சியிலும் அவர்களே முன்னால் வந்தார்கள். அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 விழுக்காடு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என்று மதிப்பிட்டார்கள். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. மாலை ஐந்து மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம், ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், ஒரு தன்னார்வலருக்கு ஏறக்குறைய இருபது பேர், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. வகுப்பு நடந்தது பெரும்பாலும் வீட்டு வாசலில், கோயில் மண்டபத்தில், சமுதாயக் கூடத்தில். நடத்தியவர்களில் பெரும்பாலோர் அதே தெருவின் பெண்கள்.

கூட்டுக் குடும்பத்தைப் புகழ்ந்தவர்கள் இதைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்: பார்த்தீர்களா, வீட்டு வாசலிலேயே பிள்ளைகள் கற்றார்களே என்று. எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் 2020க்கும் 2022க்கும் என்ன வேறுபாடு என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். வாசல் அதேதான், தெரு அதேதான், பிள்ளைகளும் அவர்களேதான். புதிதாக வந்தது, மாலை ஐந்து மணிக்கு அடுப்பையும் தொட்டிலையும் வேறொருவரிடம் விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்காக மட்டும் வந்து உட்கார்ந்த ஒரு பெண். அவர் கையில் ஒரு பாடத்திட்டம். பின்னால் திறந்த பள்ளியும் ஆசிரியரும். சட்டாம்பிள்ளைக்கு மேலே வாத்தியார் திரும்பி வந்துவிட்டார். தொடக்கத்தில் இந்தத் திட்டத்துக்கு எதிர்ப்பு வந்தது. ஆசிரியர் பணியைத் தன்னார்வலர் கையில் தள்ளும் வழி இது என்று அஞ்சினார்கள். பள்ளியோடு சேர்ந்து இயங்கியதால்தான் பலன் வந்தது என்பதை மறந்து, பள்ளிக்கு மாற்றாக இதை நினைத்தால் அந்த அச்சம் நியாயமாகிவிடும். மாதம் ஆயிரம் ரூபாய் என்பது அந்தப் பெண்களின் உழைப்புக்குத் தகுந்த கூலி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த வழக்கில் குடும்பத்தைவிடப் பெரிய பொறுப்பு இருந்த இடம் ஒன்று உண்டு: பள்ளிகள் திறந்த வரிசை. 2021 ஜனவரி 19இல் பத்தும் பன்னிரண்டும். பிப்ரவரியில் ஒன்பதும் பதினொன்றும். இரண்டாம் அலைக்குப் பின் செப்டம்பர் 1இல் மறுபடி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. எல்லாவற்றுக்கும் கடைசியில், நவம்பர் 1இல், ஒன்று முதல் எட்டு. பொதுத்தேர்வை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வரிசை சரி. பிள்ளையை வைத்துப் பார்த்தால் தலைகீழ். தனியே படிக்கத் தெரிந்தவர்கள் முதலில் போனார்கள். எழுத்தே தெரியாதவர்கள் வீட்டில் இருந்தார்கள். அதோடு, பிள்ளைகள் பலர் உள்ள வீட்டில் பெரிய வகுப்பு திறந்த நாளில் சின்னதுகளுக்குப் பாடம் சொன்ன அக்காவும் அண்ணனும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இருந்த ஒரே சட்டாம்பிள்ளையும் போனார். டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே, முதலில் மழலையர் காப்பகங்களையும் ஐந்தாம் வகுப்பு வரையிலான பள்ளிகளையும் திறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக இருந்த பல்ராம் பார்கவா, தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பது அறிவுடைமை என்று 2021 ஜூலையில் வெளிப்படையாகவே சொன்னார். அதற்குப் பிறகும் நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள். தடுப்பூசி இல்லாத காலத்தில் அரசு தயங்கியதை நான் புரிந்துகொள்கிறேன். திருமண மண்டபமும் கடைத்தெருவும் திறந்த பிறகும் தொடக்கப் பள்ளி பூட்டிக் கிடந்ததைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

ஆகவே என் முடிவு இது. பெரிய குடும்பம் அந்த இரண்டு ஆண்டுகளில் பிள்ளைகளைச் சாப்பிடவைத்தது, பேசவைத்தது, துக்கத்தில் தாங்கியது. மொழியை ஓரளவு காத்தது. பள்ளிக்கூடமாக அது நிற்கவில்லை. நிற்கவும் அதற்குக் கடமை இல்லை. பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைவிட, அவர்களுக்கென்று ஒருவரின் நேரம் ஒதுக்கப்பட்டதா என்பதே படிப்பை முடிவு செய்தது. அந்த நேரத்தை அரசு ஒதுக்காத வீடுகளில் மூத்த பெண்ணின் நேரம் எடுத்துக்கொள்ளப்பட்டது. இனி ஒரு பேரிடர் வந்து பள்ளியை மூட நேர்ந்தால், தொடக்கப் பள்ளி எந்த நாளில் திறக்கும் என்பது மூடும் ஆணையிலேயே எழுதப்பட வேண்டும்; தெருத்தோறும் ஊதியத்தோடு ஒருவர் முதல் மாதத்திலேயே வந்து உட்கார வேண்டும், இருபதாம் மாதத்தில் அல்ல.

இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அந்த ஆண்டுகளில் தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிவிட்டுத் தன் படிப்பை இடையில் விட்ட பெண் யாராவது இருந்தால், இன்று அவளுக்குப் பத்தொன்பதோ இருபதோ ஆகியிருக்கும். அவளுக்கு வழி மூடிவிடவில்லை. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகவும் எழுதலாம். அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய் விண்ணப்பிக்கும் நாளைக் கேட்டு, அவளையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.